அம்மாவின் சவரி

கோட்டைக்குப்பம்
10.9.1986

என் வீட்டுக்காரருக்கு,

இங்கே குறையொன்றும் இல்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

பட்டணத்துக் காலேஜில் ஆராய்ச்சி செய்கிற அம்மா போன மாதம் என் தலையிலும் பாப்பா தலையிலும் பரிசோதனைக்கென்று கொஞ்சம் முடி வெட்டிப்போனார். ஆணியில் தொங்கிய சவரியிலும் ஓர் இழை கேட்டார். எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னால் தன் உதிர்ந்த முடியைச் சேர்த்துக் கட்டிய சவரி அது.

நேற்று வந்து சொன்னார். அம்மா முடியில் பாதரசம் கொஞ்சமாம். என் முடியில் அதைப்போல மூன்று பங்காம். பாப்பா முடியிலும் அப்படித்தானாம்.

"இன்னாம்மா, ஏரித் தண்ணிலயா கீது?" என்றேன்.

"காத்துலயே இருக்கும்மா. எங்கெங்கேயோ கரி எரிக்கிற புகையில ஏறி, மழையோட எறங்கி, மீனுக்குள்ள போயிடுது. வருஷத்துக்கு வருஷம் கூடுது."

கெட்டது ஏரி மட்டும் என்றால் வேறு ஊருக்குப் போயிருப்பேன். மழை பெய்யாத ஊர் எது?

மாசமாக இருந்தபோது நீங்கள் ஆசையாய்க் கொண்டுவந்த மடவை மீனை ஒருநாளும் விடவில்லை. அந்தம்மாவிடம் ஒன்று கேட்க நினைத்தேன். கேட்காமலே அனுப்பிவிட்டேன். இன்றைக்கும் மீன்தான் ஆக்கினேன்.

தீபாவளிக்கு விசாகப்பட்டினத்திலிருந்து வரும்போது, வாசலில் நின்று பாப்பாவைக் கூப்பிடாதீர்கள்; எத்தனை சத்தமாய்க் கூப்பிட்டாலும் அவள் திரும்புவதில்லை. நேராக அவள் முன்னால் வந்து உட்காருங்கள். முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா