இனி நான் முன்னால் நடக்கிறேன்

அம்மா, உங்கள் ஆசி வேண்டி லிண்டால்வா எழுதுகிறேன். முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

இந்தப் பாறைப் பூங்காவைச் சுற்றிப் பார்க்க வரும் கூட்டத்தின் கடைசி ஆளாக நடந்து, யாரும் விலகாமல் பார்ப்பதுதான் என் வேலை. நேற்று மணற்பாறைகளுக்கு நடுவே கூட்டத்தில் வந்த எழுபது வயது டோனா ஒட்டீலியா அம்மாளைக் காணவில்லை.

முன்னால் போன வழிகாட்டி அடாவுட்டோ என்னைப் பார்த்து, "ஆத்தங்கரைப் பொண்ணுக்குப் பாறையில என்ன கண்ணு தெரியும்!" என்று கத்தினார். எல்லாரும் அந்த அம்மாளின் பெயரைக் கூவ, நாலாபுறமும் எதிரொலிதான் கேட்டது. இந்தச் சத்தத்தில் அவர் பதில் எப்படிக் காதில் விழும்?

"எல்லாரும் வாய மூடுங்க! நீங்களுந்தான், அடாவுட்டோ!" என்று கத்தினேன்.

அமைதியானதும் இடப்பக்கம் மெல்லிய வசவு கேட்டது. ஓடினேன். இரண்டு பாறைகளுக்கிடையே இடுப்பு சிக்கி நின்றிருந்தார்.

"மூச்ச வெளிய விடுங்க, பாட்டி!" என்று இழுத்தேன். வந்துவிட்டார்! எனக்கு முழங்கையில் சிராய்ப்புதான், கவலைப்படாதீர்கள்.

"இனிமே இந்தப் பொண்ணு பின்னாலதான் நடப்பேன்" என்றார் அவர். கூட்டம் கைதட்டியது. அடாவுட்டோ தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, நாளைலருந்து நீயே முன்னால போ" என்றார்.

நம் ஊர் மரவள்ளி மாவு கொஞ்சம் அனுப்புங்கள். அதை உங்கள் பழைய சட்டையில் சுற்றி அனுப்புங்கள். சட்டையைத் துவைக்க வேண்டாம்.

வண்டி வந்துவிட்டது அம்மா, பதினெட்டுப் பேர் இறங்குகிறார்கள். நேற்று நடந்தது பரவிவிட்டது போல, என்னைத்தான் கேட்கிறார்கள்.

உங்கள் லிண்டால்வா