கதிரவெளி, 84 குடும்பம்

2007 பெப்ரவரி 5
பத்தொன்பது வருடம் டைப் அடித்த கை. இன்றைக்கு மவுஸைப் பிடித்தால் அம்பு திரையை விட்டே ஓடுகிறது! நிவாரண அலுவலகத்தில் என்னை மேய்க்கும் நல்லரத்தினம் சேர் சிரித்தார். “உங்களுக்கு ஏன் வசந்தாதேவி இந்த வேலை? டைப் அடிச்சாக் காணும்.” எனக்கு அது போதாது. படித்தே தீருவேன்.

பெப்ரவரி 9
கணினி பழக்கும் பக்கத்து மேசை றம்லா என்னை விடப் பதினைந்து வயது இளையவள், பொறுமைசாலி. “அக்கா, முதல்ல பேரைத் தேடுங்க. மறுகா ஊரை வைச்சு வடிகட்டுங்க.” நாலாயிரத்துச் சொச்சம் இடம்பெயர்ந்த குடும்பம். ஒரு தட்டுத் தட்டினால் வந்த திகதிப்படி வரிசையாய் நிற்கிறது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது.

பெப்ரவரி 14
விடியவே ஷெல் சத்தம். பஸ் இல்லை, நடந்து போனேன்.

பெப்ரவரி 20
கதிரவெளியில் மீன்பிடித்த நாகமுத்து ஐயா வந்தார். ஷெல்லடிக்குள் மகள் சின்னத்தங்கமும் மருமகன் இளையதம்பியும் கைக்குழந்தையும் வேறு பக்கம் ஓடிவிட்டார்கள். மூன்று மாதமாய்த் தகவல் இல்லை. எங்கள் பதிவில் குடும்பத் தலைவருக்குத்தான் பெயரும் ஊரும், மற்றவர்களுக்கு வயது மட்டும். இளையதம்பி என்று தேடினேன்: 38 பேர். ஊர் கதிரவெளி என்று வடிகட்டினேன். ஒருவரும் இல்லை.
“இல்லை ஐயா” என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு பெருமையாய்ச் சொன்னேன்! மனிசன் கதிரையில் இருந்தபடியே, “அப்ப முடிஞ்சுதா புள்ள?” என்று கேட்டார்.
ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கென்ன தெரியும்?

பெப்ரவரி 22
இளையதம்பி, கதிரவெளி. திரும்பவும் தேடினேன். இல்லை.

பெப்ரவரி 25
என் வீட்டுக்காரர் கோணாமலை, கூட்டுறவுச் சங்கப் படிவம் ஒன்றை நிரப்பினார். ஊர்: மண்டூர். “என்னப்பா, பதினேழு வருஷம் புளியந்தீவில என்ர வீட்டில இருந்துகொண்டு மண்டூரா?”
“கலியாணம் கட்டி வந்தது உன்ர ஊர். நான் மண்டூரான்தானே?”
கையில் இருந்த அகப்பையைக் கீழே போட்டேன். அட மடைச்சி! இங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தானே போவான். முகாமில் எழுதினவர்களும் ஆம்பிளை பிறந்த ஊரைத்தான் எழுதியிருப்பார்கள்.

பெப்ரவரி 26
ஐயாவைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்து கேட்டேன்: “மருமகன் பிறந்தது எங்க?”
“கொக்கட்டிச்சோலையில. ஏன் புள்ள?”
இளையதம்பி. கொக்கட்டிச்சோலை. மூன்று பேர், ஒன்று ஒரு வயதுக்குக் குறைவு.
ஒரே ஒரு வரி. வந்தாறுமூலை முகாம். றம்லா என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்கு அழுகை. ஐயா எழும்பி, அங்க போக எந்த பஸ் என்று கேட்டார்.

பெப்ரவரி 27
மகளைக் கண்டுவிட்டார். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதாம். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.
படிவத்தில் ‘மனைவி ஊர்’ என்று ஒரு கட்டம் போடச் சொல்லி சேரிடம் சண்டை பிடித்தேன். பிடிக்கத்தான் வேண்டும்.

மார்ச் 19
மூன்று கிழமையாய் முகாம் முகாமாய்ப் போய்க் கேட்டு எல்லாக் கட்டத்தையும் நிரப்பி முடித்தோம். இன்றைக்குச் சேர் என் பின்னால் வந்து நின்றார். “எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ.” காட்டினேன், நான்! மனைவி ஊர் கதிரவெளி என்று வடிகட்டினேன். பழைய பதிவில் ஊர் கதிரவெளி என்று இருந்தது 23 குடும்பம். இப்போது 84.
மிச்சம் அறுபத்தொரு குடும்பமும் இவ்வளவு நாளும் அந்தப் பதிவுக்குள்ளேயேதான், ஆம்பிளை ஊரின் பெயரில் இருந்திருக்கிறது. சேர் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார்.
வெளியே ஆட்கள் நின்றார்கள். “அடுத்தாள் வாங்க” என்றேன்.