இந்த வண்டிக்கு நாலடி

மாமா,

இன்று பின்நேரம் தாரணி சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஓர் இரும்புத் துண்டை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் திருப்பினால் உள்ளே டிக் டிக்கென்று சும்மா சுற்றியது. மறுபக்கம் திருப்பினால் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நான் பருப்பைக் கிளறியபடியே, "எங்கருந்து எடுத்த அத?" என்று கேட்டேன்.

"அப்பா கழட்டிப் போட்டாரு."

குனிந்து அதை அவள் கையில் வைத்தே திருப்பிப் பார்த்தேன். பழைய கிரீஸ் வாடை. உங்கள் சட்டைப் பையில் எப்போதும் இருந்த வாடை. அது என்னவென்று புரிய ஒரு கணம் பிடித்தது. டிராக்டருக்குப் பின்னால், புல் வெட்டும் கட்டரோடு சேர்ந்து இருக்கவேண்டிய கப்ளிங் அது. அது இங்கே கிடக்கிறது. உங்கள் மகனோ டிராக்டரோடு பள்ளிக்கூட மைதானத்தில். மேலேயிருந்து இஞ்சின் முனகுவது கேட்டுக்கொண்டிருந்தது.

அடுப்பை அணைத்தேனா என்று இப்போதும் நினைவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மூன்று வருடத்துக்கு முன்னும் இப்படித்தான் அவள் என் இடுப்பில் இருந்தாள். கைக்குழந்தை. நான் உங்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து மைதானத்தின் கீழ்க்கரையில் நின்றிருந்தேன். பொகவந்தலாவைப் பக்கத்து மாட்டுப் பண்ணையிலிருந்து ஆறடி அகலக் கட்டரை இரவல் வாங்கி வந்திருந்தீர்கள். "பெருசு மாட்டுனா வெரசா முடிஞ்சிரும் புள்ள" என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம் உங்களுக்கு. தேயிலைத் தோட்டம் கழித்துப்போட்ட அந்தக் கிழட்டு டிராக்டர் கரும்புகை கக்கிக்கொண்டு இழுத்தது. கட்டரின் பாரத்தில் முன்சக்கரம் இரண்டும் தரையைத் தொட்டும் தொடாமலும் வந்தன. கீழ்க்கரை நெருங்கியது. நீங்கள் கிளச்சை மிதித்தீர்கள். வண்டி நிற்கவில்லை.

நீங்கள் மிதிப்பது எனக்குத் தெரிந்தது. உங்கள் முழங்கால் நீண்டு விறைத்திருந்தது. வண்டி வந்துகொண்டே இருந்தது. கரைக்கு அப்பால் மழைத்தண்ணீர் ஓடும் கான், கானுக்குக் கீழே லயத்து வீடுகளின் தகரக் கூரைகள். நீங்கள் கையை ஓங்கிக் கியர்த் தண்டில் ஓர் அறை விட்டீர்கள். கியர் விடுபட்டது, பிரேக் பிடித்தது. முன்சக்கரம் கானின் விளிம்பில் வந்து நின்றது.

காரணத்தைப் பிறகு சொன்னீர்கள். இந்தப் பழைய வண்டியில் சக்கரத்துக்கும் கட்டருக்கும் ஒரே கிளச். மிதித்தால் இஞ்சினின் பிடிதான் விட்டுப்போகும். பாரமான பிளேடு தன் வேகத்தில் சுற்றிக்கொண்டேயிருக்கும், அந்தச் சுற்று தண்டு வழியாகக் கியருக்குள் புகுந்து சக்கரத்தையும் சுற்றும். வண்டி கட்டரை இழுப்பது போய், கட்டர் வண்டியைத் தள்ளும்.

மறுநாளே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாலடிக் கட்டரோடு வந்தீர்கள். கூடவே இந்தக் கப்ளிங். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் தன்பாட்டில் ஓடுமே, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது: பிளேடு சுற்றினாலும் அந்தச் சுற்று கியருக்குள் திரும்பி வராது. வண்டியின் முன்னால் பழைய கொழுந்துத் தராசின் படிக்கற்களைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டீர்கள், மூக்கு மேலே கிளம்பாமல் இருக்க. "நாலடினா பின்சக்கரத் தடத்த சரியா மூடிரும், இஞ்சினும் மூச்சு வாங்காது. இந்த வண்டிக்கு நாலடி. அவ்வளவுதான்" என்றீர்கள்.

அதோடு விட்டிருக்கலாம் நீங்கள். அதை ஒரு சிரிப்புக் கதையாக்கிவிட்டீர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும், கொழும்பிலிருந்து மகன் லீவில் வரும்போதெல்லாம் அதே கதை. "கிளச்ச மிதிக்கிறேன், மிதிக்கிறேன், வண்டி என்னமோ மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி போய்க்கிட்டே இருக்கு! அங்க பார்த்தா நம்ம மருமக, புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு, புல்லுமேல எடது கால மிதி மிதின்னு மிதிக்கிறா! அவளும் எனக்கு கிளச்சு மிதிக்கிறாளாம்!" கடைசியில் காற்றிலேயே கியரை ஓங்கி அறைவீர்கள். ஒவ்வொரு முறையும் யாருடைய கோப்பையாவது சிந்தும். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். உங்கள் மகனும்தான். அதனால் அது அவர் மனதில் பயமாக இறங்கவேயில்லை.

நீங்கள் கண்மூடியபின் அவர் கொழும்பை விட்டு வந்து வண்டியை எடுத்தார். இந்த வாரம் எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி. மழை விடவில்லை, புல் முழங்கால் உயரம். அதே பண்ணையிலிருந்து அதே கட்டரை லொறியில் ஏற்றி வந்து இறக்கினார். காலையில் கேட்டேன்.

"என்னங்க, மாமா இது வேணாம்னு சொன்னாங்கல்ல?"

"அப்பாவுக்கு அப்ப வயசு. கால்ல பெலம் இல்ல. நான் மெதுவா போறேன் புள்ள. நாலடியில அறுத்தா போட்டி முடிஞ்சு பரிசு குடுக்கயிலயும் நான் அறுத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

"படிக்கல் போதுமா?"

"டீச்சரம்மா, கணக்குப் பாடத்த பள்ளிக்கொடத்துல நடத்துங்க."

சிரித்துவிட்டுப் போனார். ஆறடிக் கட்டரின் தண்டு நீளம். இடையில் கப்ளிங்கையும் போட்டால் பொருந்தாது. ஆகவே கப்ளிங்கைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டிருக்கிறார். அது எனக்குத் தெரியாது, தாரணி கையில் பார்க்கும்வரை.

மைதானத்தை எட்டியபோது அவர் மேல்கரையில் திரும்பி, சரிவில் கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தார். அதே கரும்புகை. கீழ்க்கரையில், நீங்கள் அன்று வந்து நின்ற அதே இடத்தில், என் வகுப்புப் பிள்ளைகள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து இல்லக் கொடிகளைக் கம்பில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்கு முதுகைக் காட்டியபடி.

நான் அவரிடம் ஓடவில்லை, மாமா. பிள்ளைகளிடம் ஓடினேன்.

"எந்திரிங்க! அந்தப் பக்கம் ஓடுங்க! கொடிய விடுங்கடா!"

"டீச்சர், பசை காயல..."

"ஓடுங்கங்குறேன்!"

அந்தக் குரலில் வகுப்பில் நான் ஒருநாளும் பேசியதில்லை. சிதறி ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைக் கண்டு அவர் கிளச்சை மிதித்தார். முழங்கால் நீண்டது. வண்டி வந்துகொண்டே இருந்தது. அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். காலைக் குனிந்து பார்த்தார், மறுபடி மிதித்தார். நான் கத்தியது இஞ்சின் சத்தத்தில் எங்கே கேட்கும்? என் வலது கை தானாக ஓங்கிக் காற்றில் ஓர் அறை விட்டது. உங்கள் அறை. கதையின் கடைசியில், கோப்பை சிந்தும் இடத்தில் வரும் அறை.

அது அவருக்குப் புரிந்தது. அத்தனை பண்டிகைக்கும் அதைத்தானே பார்த்திருக்கிறார். ஓங்கிக் கியரில் அறைந்தார்.

வண்டி நின்றபோது சக்கரத்தின் கீழ் ஒரு கொடிக் கம்பு முறிந்து கிடந்தது. இஞ்சினை அணைத்தபிறகும் பிளேடு அடியில் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஓயும்வரை அவர் இறங்கவில்லை. இறங்கியவர் டயரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா சும்மா சொல்றாருன்னுல்ல நெனச்சேன்," என்றார். "சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டேன் புள்ள."

தாரணி கப்ளிங்கை இவ்வளவு நேரமும் மார்போடு அணைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். "அப்பா, இது ஒங்களுக்கு வேணுமா?" என்று நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு அவள் தலையைத் தடவினார்.

அந்தியில் பக்கத்து லயத்து ராசு அண்ணன் வந்து ஆறடியைக் கழற்ற உதவினார். கப்ளிங்கைத் துடைத்து நாலடியோடு பூட்டினார்கள். புல் முழுவதும் முடியாவிட்டால் ஓடுபாதையை மட்டும் வெட்டித் தருவதாக பள்ளிக்கூட அதிபரிடம் உங்கள் மகனே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு தேத்தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார்கள்.

"நான் மிதிக்கிறேன் அண்ணே, அது என்னடான்னா கொடியேத்தத்துக்கு நேரமாச்சுன்னு ஓடுது!" என்று ஆரம்பித்துவிட்டார். உங்கள் குரலேதான், மாமா. கடைசியில் காற்றில் அறைந்தார். ராசு அண்ணனின் கோப்பை சிந்தியது.

"அப்பனுக்குத் தப்பாத புள்ளடா நீ!" என்று அண்ணன் வேட்டியை உதறினார். தாரணி கைகொட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் கதையை அவர் முடித்ததும் நான் தாரணியைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, சிரிப்பில்லாமல் முதலிலிருந்து ஒருமுறை சொன்னேன். கான் எங்கே இருக்கிறது, கூரை எங்கே இருக்கிறது, ஓடும் வண்டிக்கு முன்னால் ஏன் நிற்கக்கூடாது என்று. அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ. இனி ஒவ்வொரு முறையும் இரண்டு விதமாகவும் சொல்லப்படும் இந்த வீட்டில்.

இப்போது இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். நான் மேசையில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். கை ஓய்ந்துவிட்டது. மேசைக்கு அடியில் என் இடது கால் மட்டும் சிமெந்துத் தரையை இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறது, மாமா.