ஒரு கூடை நெத்திலி, ஒரு நார்மல் ரிப்போர்ட்

மருமகளே,

ஊரில் ஒருவரும் நம்பப்போவதில்லை. இருந்தாலும் காசிமேட்டு ஏலக்கூடத்தின் மீது ஆணையாகச் சொல்கிறேன். இன்று காலை ஒரு கூடை நெத்திலி என் முன்னால் வந்து இறங்கியது. உடனே துறைமுகத்துக் கிரேன்களெல்லாம் தூக்கிய கை தூக்கியபடி நின்றுவிட்டன. எண்ணூர்ப் புகைபோக்கிகள் விட்ட புகையை உள்ளே இழுத்துக்கொண்டன. காரணம்? முப்பது வருடமாக மீன் ஏலம் கூவும் உன் தாய்மாமன், அலைச் சத்தத்தையே அடக்கிய தொண்டைக்காரன், வாயடைத்து நின்றான்.

"இன்னா மாமா, ரீல் வுடறியா?" என்று கேட்பாய். கேட்க நீ இல்லை. பத்து மாதம் ஆகிறது.

பதினைந்து வயதில் உனக்குச் சர்க்கரை என்றார்கள். அக்கா அழுதாள். நான்தான், "என் மருமவ ரத்தம் அவ்ளோ தித்திப்பு, ராயபுரத்துக் கொசு மொத்தமும் க்யூல நிக்குது" என்று உன்னைச் சிரிக்கவைத்தேன்.

"போ மாமா, ஊசி ஒன் வாய்க்குதான் போடணும்" என்றாய்.

நான் எதைச் சொன்னாலும் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் நீ காதில் வாங்குவாய்.

போன வருடம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வந்தாய். கொலஸ்ட்ரால் நார்மல். ஆனாலும் டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதியிருந்தார்.

"நார்மல்னா எதுக்கு மாத்திரை?"

"அளவு கரீட்டாதான் கீதாம் மாமா. அந்தக் கொழுப்பைத் தூக்கினு போற துகளுதான் பொடிசாம். சக்கரை கீறவங்களுக்கு அப்டி ஆவுமாம். ஒன் கூடை மாரிதான். ஒண்ணுல பத்து வஞ்சிரம், இன்னொண்ணுல அதே எடைக்கு நெத்திலி. எண்ணிப் பாரு, எவ்ளோ கீது? அந்தப் பொடிசுங்கதான் ரத்தக் கொழா சொவுத்துல பூந்து ஒட்டிக்குமாம். நெஞ்சுக்கு ஆவாதாம்."

டாக்டர் சொன்னதை என் தொழிலில் வைத்தே எனக்கு விளக்கினாய். நான் கேட்டேனா? ரிப்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு திருவொற்றியூரில் உன் தெரு நடுவே நின்று ஏலம் கூவினேன். "நார்மலு! நார்மலு! இந்த நெஞ்சு நூறு வருசம் ஓடும்! மாத்திரைய கடல்ல கடாசு கண்ணு!" தெருவே சிரித்தது. நீயும் சிரித்தாய்.

நான் சொன்னவற்றில் அதை மட்டும் முழுசாக நம்பிவிட்டாய்.

பிறகு மாடி ஏறும்போது உனக்கு மூச்சு வாங்கியது. "எண்ணூர் காத்து அப்டிதான் கண்ணு" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். வேலைக்குக் கிளம்பிய ஒரு காலையில், செருப்பு மாட்டிக்கொண்டே வாசலில் சரிந்தாய். மாரடைப்பு என்றார்கள். இருபத்தெட்டு வயது.

அக்கா உன் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். பத்தில் இரண்டு குழிதான் காலி. சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். அக்கா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

அந்த அட்டை என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கூடை மேல் குனிந்தால் அதன் முனை நெஞ்சில் குத்தும்.

இன்றும் குத்தியது. கூடைக்குள் வெள்ளை வெள்ளையாய்ப் பொடிசுகள். "இன்னா நைனா, கூவு!" என்றார்கள் வியாபாரிகள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சரி, இதுல எது மாமா நெசம்?" என் கதை முடிந்ததும் நீ எப்போதும் கேட்பது இது. கிரேன் எதுவும் நிற்கவில்லை, கண்ணு. புகைபோக்கிகள் எப்போதும்போலப் புகைந்துகொண்டிருந்தன. நான் வாயடைத்து நின்றேனே, அந்தச் சின்னது மட்டும் நெசம்.