சைடு மிரரில் நின்ற தண்ணீர்

அடுகோடியில் இருந்த வீட்டு வாசலில், கணவர் வின்சென்ட் கழுவி நிறுத்திய டாக்சியின் சைடு மிரர் இடுக்கிலிருந்து இன்றும் தண்ணீர் வடிந்தது. முன்பெல்லாம் கை ப்ளோயரை முதலில் அங்கேதான் பிடிப்பார். அவர் குளிக்கப் போன நேரத்தில் பிலோமினாவே ஊதிக் காயவைத்தாள். வேலைக்குக் கிளம்புமுன் காலண்டர் தாளின் பின்புறம், பஸ் போர்டு மாதிரி பெரிய எழுத்தில் எழுதினாள்:

"மிரர்ல தண்ணி நிக்கிறதுகூட உங்களுக்குத் தெரியல. போன பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நேத்து நீங்க எவ்ளோ கத்தினாலும் அதான் நெஜம். வண்டி சாவிய நான் எடுத்துட்டுப் போறேன். சோறு குக்கர்ல இருக்கு."

தாள் நிரம்பிவிட்டது. அடியில் மிஞ்சிய விரற்கடை இடத்தில், "கோவிச்சுக்காதீங்க. உங்கள விட்டா எனக்கு யாரு" என்று பொடி எழுத்தில் நெருக்கி எழுதினாள்.

அந்த வரி மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது.