சும்மா நிற்கத் தெரியாத கார்

லிமுரு,
ஜூலை 28

அன்பு மகன் கிமேமியாவுக்கு,

அப்பா எழுதுவது, இல்லை, அப்பா சொல்வது. இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை ஞாக்கியோ, இரண்டு மாடுகள் எல்லோரும் கடவுள் கிருபையால் நலம், தோஹா வெயிலில் நீயும் வற்றலாகிவிடாமல் நலமாய் இருக்கிறாய் என்று நம்புகிறோம். என் வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல ஞாக்கியோ எழுதுகிறாள். (அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு அண்ணா. எழுத்துப்பிழை மட்டும் அப்பாவுடையது.)

உன்னைத் திட்டுவதற்குத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வழக்கம் என்று சொல்லி முதல் பிள்ளைக்கு என் அப்பாவின் பெயரை வைத்துத் தொலைத்தேனே, கிமேமியா உனக்கு அறிவிருக்கிறதா என்று வாயெடுத்தால் செத்துப்போன மனிதர் எழுந்து வந்து யாரைக் கேட்கிறாய் என்று கேட்பது போல இருக்கிறது. ஆகவே திட்டவில்லை. இந்தக் கடிதம் முழுக்க உன்னைப் பாராட்டப் போகிறேன், பொறுமையாகப் படி.

மொம்பாசாவில் நீ வேலை பார்த்தபோது ஆசை ஆசையாக வாங்கி, தோஹாவுக்குப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே அந்தத் தந்த நிறக் கார், உன் தங்கையைவிடப் பதினைந்து வயது மூத்தது, அதைப் பற்றித்தான். கார்புரேட்டர் இல்லை அப்பா, பெட்ரோலைத் தானே அளந்து பீய்ச்சுகிற வண்டி, மூளை உள்ள வண்டி என்றாய். மூளை உள்ளது என்பது உண்மைதான், வீட்டில் வேறு சிலரிடம் இல்லாததால் பளிச்சென்று தெரிகிறது. மே மாதம் வரை ஒழுங்காக இருந்தது. ஜூன் பனி இறங்கியதும் வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. ஓடும்போது ஒன்றுமில்லை, நிறுத்தினால்தான் கத்துகிறது. கியரை எடுத்துவிட்டு, காலை எடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் சுற்று வேகம் காட்டுகிற முள் இரண்டாயிரத்தில் நிற்கிறது. எண்ணூறில் முனக வேண்டிய எஞ்சின் சந்தையில் சண்டை போடுகிறவள் மாதிரி இரைகிறது. (சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்குப் பரீட்சை முடிந்த நாளிலிருந்தே தெரியும்.)

இரைந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் ஜூலை முதல் சனிக்கிழமை கினாங்கோப்பில் உன் முகாமி வீட்டுக்கு, பெண் வீட்டை முதன்முதலாகப் பார்க்கப் போனோம். நான், உன் அம்மா, உன் சித்தப்பாக்கள் இரண்டு பேர், மடியில் ஒரு கூடை சாமான். வழக்கப்படி அவர்கள் வீட்டுப் பெண்கள் வாசல் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடினார்கள், யார் நீங்கள், எதைத் தேடி வந்தீர்கள் என்று. நம்மவர்கள் இறங்கிப் பதில் பாட வேண்டும், அவர்கள் கேலி செய்ய வேண்டும், நாம் அசையாமல் நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்கிறோமோ அவ்வளவு மரியாதை. நான் எஞ்சினை அணைக்கவில்லை. அந்த பேட்டரியை நம்பி அணைத்தால் மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ என்ற பயம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்க, உன் மூளையுள்ள வண்டி முழுத் தொண்டையில் கத்துகிறது. பெண்கள் பாடுகிறார்கள், வண்டி அதற்கு மேல் பாடுகிறது. கதவைப் பிடித்திருந்த ஒரு அத்தைக்காரி பாட்டை நிறுத்திவிட்டு, "ஏம்ப்பா, பொண்ண இப்பவே தூக்கிப்போட்டுக்கிட்டு ஓடறதா திட்டமா, வண்டிய உறுமவிட்டு நிக்கிறீங்களே" என்று கேட்டாள். சிரித்தபடிதான் கேட்டாள், ஆனால் அவளுக்குப் பின்னால் நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போது முகாமியின் அப்பா தெயூரி வெளியே வந்தார். மனிதர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், காது இன்னும் ஓய்வு பெறவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தார், என்னைப் பார்த்தார், "சம்பந்தம் பேச வர்றவங்க வாசல்ல பொறுமையா நிக்கணும். உங்க வண்டிக்கே அது தெரியலயே, பையனுக்குத் தெரியுமா" என்றார். தேநீர் உண்டு, பேச்சு இல்லை. கிளம்பும்போது மூன்று வாரம் தருகிறேன், இதே வண்டியில் வாருங்கள், அது சும்மா நிற்கக் கற்றுக்கொண்டு வரட்டும், இல்லாவிட்டால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார். முகாமி அந்த வாரமே உனக்கு அழுதுகொண்டு போன் செய்தாளாம், நீயும் எனக்குப் போன் செய்து, அப்பா ஏதாவது செய்யுங்கள் என்றாய். செய்தேன்.

முதலில் நானே செய்தேன். ஒரு திருகாணியைக் கண்டுபிடித்துத் திருகினேன், அது வேறு எதற்கோ உள்ள திருகாணி. இன்னொன்றைத் திருகும்போது விசிறி என் விரலைத் திருகியது. (அம்மா சொன்னது: "நல்லவேளை, எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல.") பிறகு ஒடோங்கோவைக் கூப்பிட்டேன், ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் வேலை செய்கிறானே அவன்தான். அந்த மாதிரி இடங்களுக்குச் சுடுவெயில் பட்டறை என்று பெயர், வெயிலைத்தான் மூன்று வாரமாகக் காணோம். ஒடோங்கோ முதலில் ஆக்சிலரேட்டர் கம்பியைப் பார்த்தான், தளர்வாகத்தான் இருந்தது, எங்கும் சிக்கி இழுக்கவில்லை. காற்று நுழைகிற வாயைக் கழற்றிக் கரியைத் துடைத்தான், உன் அம்மாவின் புதுத் துணியில். அப்புறம் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு டாக்டர் மாதிரி ஒவ்வொரு ஹோஸாகக் கேட்டுக்கொண்டே போனான். "அப்பா, எங்கயோ திருட்டுத்தனமா காத்து வாங்குது" என்றான். வெடித்த ஹோஸ் ஒன்று கிடைத்தது, மாற்றினான், இரண்டாயிரம் ஆயிரத்து எண்ணூறு ஆனது. நான் கைதட்டினேன். அவன் தட்டவில்லை. வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றுகிற வேகத்தைக் கட்டுப்படுத்துகிற வால்வைக் கழற்றிப் பெட்ரோலில் குளிப்பாட்டினான், அது உள்ளே நன்றாகத்தான் அசைந்தது. "வால்வு சொன்னபடி கேக்குது அப்பா. யாரோ அதுக்குத் தப்பா சொல்லிக் குடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான், நான் இல்லை என்றேன்.

இரண்டு வாரம் இப்படியே போனது. ஒரு சனிக்கிழமை காலை உன் அம்மா அவனுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வழக்கமான புகாரை ஆரம்பித்தாள். ஜூனிலிருந்து அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஒடோங்கோ, கத்தறத அப்புறம் பாரு. மொதல்ல அந்த ஹீட்டரப் பாரு. கினாங்கோப் போய் வர்ற வரைக்கும் ஹீட்டர் போட்டுத்தான் உக்காந்திருந்தேன், என் முழங்கால் ஐஸ் கட்டி ஆயிருச்சு" என்றாள். ஒடோங்கோ கோப்பையைக் கீழே வைத்தான். வெப்பம் காட்டுகிற முள்ளைப் பார்த்தான். அரை மணி ஓடிய வண்டி, முள் அடியிலேயே படுத்திருந்தது. அது கெட்டுப்போன மீட்டர் என்று நான் முன்பே தீர்ப்புச் சொல்லியிருந்தேன். "மீட்டர் கெடல அப்பா. எஞ்சின் சூடே ஆகல. இன்னும் குளிர்ல இருக்கோம்னு மூளை நெனச்சுக்கிட்டு, சூடேத்தறதுக்காகக் காத்த அதிகமா விட்டு வேகமா சுத்தவிடுது" என்றான். நான் பதில் சொல்வதற்குள் இரண்டு போல்ட்டைக் கழற்றி மூடியைத் திறந்தான். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில் கைவிட்டான், வெறுங்கையாக எடுத்தான். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டிய கதவே அங்கே இல்லை. ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்து லிமுரு பனியைச் சுமந்த தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டேயிருந்திருக்கிறது. (சூடு சொரணை இல்லாத வண்டி என்று அப்பா திட்டியதில் பாதி உண்மை, சூடு மட்டும்தான் இல்லை.)

இப்போதுதான் பாராட்டு வருகிறது. மொம்பாசாவில் உன் வண்டியைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அத்மானுக்குப் போன் போட்டேன். அவன் கூசாமல் சொன்னான், "அப்பா, நான் வேணாம்னுதான் சொன்னேன். உங்க பையன்தான், இந்த வெயில்ல இது எதுக்கு, வண்டி கொதிச்சிரும், கழட்டிப் போடுன்னு நின்னு கழட்ட வெச்சான். நான் அத பேப்பர்ல சுத்தி டேஷ்போர்டு டப்பால வெச்சேன், அவனுக்கே தெரியாது." டப்பாவைத் திறந்தால் உன் அம்மாவின் ஜெபப் புத்தகத்துக்குக் கீழே பொட்டலம் இருக்கிறது. இவ்வளவு படித்தவன், பட்டயமும் வாங்கியவன், ஊரெல்லாம் கடற்கரை என்று நினைத்துவிட்டாய் மகனே, உன் உயர்ந்த சிந்தனைக்கு லிமுருவின் இரண்டாயிரத்து இருநூறு மீட்டர் உயரம்கூடத் தடையாகவில்லை. ஒடோங்கோ அதை உன் அம்மா சோளமும் பீன்ஸும் வேகவைக்கிற கிதேரிப் பானையில் போட்டு அடுப்பில் வைத்தான், தண்ணீர் கொதிக்கிற சமயத்தில் வாய் திறந்தது, வெளியே எடுத்ததும் மூடியது, நல்லதாகத்தான் இருக்கிறது என்று பொருத்தினான். (பானையை அம்மா மூன்று முறை சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நான்காவது முறை ஒடோங்கோவைத் தேய்க்கச் சொன்னாள்.) கால் மணியில் முள் நடுவுக்கு வந்தது, ஹீட்டரில் அனல் வந்தது, இரைச்சல் இறங்கி இறங்கி எண்ணூறில் வந்து உட்கார்ந்தது. உன் அம்மா வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று அரை மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

நேற்று சனிக்கிழமை கினாங்கோப் போனோம், இந்தத் தடவை ஞாக்கியோவும் வந்தாள். அதே வாசல், அதே பெண்கள், அதே பாட்டு. வண்டி சத்தமே இல்லாமல் நின்றது. எவ்வளவு சத்தமில்லாமல் என்றால், இரண்டாவது பாட்டின் நடுவில் எஞ்சின் அணைந்துவிட்டது என்று பயந்துபோய் நான் சாவியைத் திருகினேன். ஓடுகிற எஞ்சினில் சாவி திருகினால் எப்படிக் கிறீச்சிடும் என்று உனக்குத் தெரியும், இப்போது கினாங்கோப் முழுவதற்கும் தெரியும். அத்தைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கதவை விட்டுவிட்டாள், கதவு தானாகவே திறந்துகொண்டது. தெயூரி வந்து பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். "வண்டிக்குப் பொறுமை வந்திருச்சு. ஓட்டறவருக்குத்தான் இன்னும் வரல" என்றார். அது அவர் பாஷையில் உள்ளே வாருங்கள் என்று அர்த்தமாம்.

முகிமோ மசியலும் ஆட்டிறைச்சியும் சாப்பிட்டு முடித்ததும் அவர் வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பல்லைக் குத்திக்கொண்டிருந்துவிட்டு, "தெர்மோஸ்டாட்ட யாரு கழட்டச் சொன்னது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "எதுக்குக் கேக்கறேன்னா, இது எனக்குத் தேவையில்லன்னு ஒரு பாகத்தக் கழட்டி எறியறவன், நாளைக்கு வேற ஊருக்குப் போனதும் என் பொண்ணையும் தேவையில்லன்னு சொல்லுவான்" என்றார். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முகாமி தேநீர்த் தட்டோடு கதவருகில் அப்படியே நின்றாள். சபையில் இருபது வருஷம் மூப்பராக இருப்பவன் நான், உன்னை அடித்ததெல்லாம் நீ பொய் சொன்னதற்காகத்தான். அந்த வாயால் சொன்னேன், மெக்கானிக் தன் இஷ்டத்துக்குக் கழற்றிவிட்டான் தெயூரி, என் மகன்தான் அதைத் தூக்கிப் போட மனசில்லாமல் காகிதத்தில் சுற்றி இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தான் என்று. உன் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெயூரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுத்தி வெச்சிருந்தானா" என்று கேட்டார். "அப்ப சரி" என்றார். டிசம்பர் பதினான்கு நாள் குறித்தாயிற்று.

ஆகவே மகனே, நீ பல்லாண்டு நன்றாக இரு, கடவுள் உனக்கு முகாமியையும், அதற்கு முன் கொஞ்சம் புத்தியையும் தரட்டும். வருகிற ஞாயிறு தெயூரி உனக்குப் போன் செய்வார். தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கேட்டால் சுற்றி வைத்தேன் என்ற இரண்டே வார்த்தை சொல், மூன்றாவது வார்த்தை உன் வாயிலிருந்து வரக் கூடாது. நான் இனி ஒரு பொய் சொல்வதாக இல்லை. விடுப்புக்கு இன்றே எழுதிப் போடு, மறக்காதே.

இப்படிக்கு,
கட்டுப் போட்ட கையால் உன்னை ஆசீர்வதிக்கும்
உன் அப்பா

(அண்ணா, அப்பா மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். மூன்றாவது வார்த்தை வேண்டியிருக்கும், ஏனென்றால் தெயூரி எந்தக் காகிதம் என்று கேட்பார், அப்படிப்பட்ட ஆள். சுவாஹிலிப் பத்திரிகை, விளையாட்டுப் பக்கம், ஓரத்தில் எண்ணெய்க் கறை. இந்த விவரம் இலவசம். முகாமி அண்ணி தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதுவிட்டு வந்தாள், நல்ல அழுகைதான். எஞ்சின் அணைந்திருந்ததால் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதுவும் இலவசம். – ஞாக்கியோ)