தீனாவின் பனியன்

ஷில்லாங்

அம்மாவுக்கு ஈஸ்வர் வணக்கத்தோட எழுதறதுங்க. முழங்கால் வலி தேவலைங்களா? நான் நல்லா இருக்கறேன். ஃபுட்பால் கோச் வேலை பழகிருச்சு, குளிருதான் பழகலை.

நேத்துச் சாயங்காலம் பசங்களோட நானும் ஆடினேன். “பந்தை உடு சாமி”ன்னு பின்னால ஒரு குரல். இங்க தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தானுங்க. பழக்கத்துல திரும்பாமலே இடதுபக்கம் தள்ளிவிட்டேன். அங்க ஆளே இல்லை. யாரோ உதைச்ச மாதிரி பந்து வளைஞ்சு கோலுக்குள்ள போயிருச்சு.

பயப்படாதீங்க. காலேஜ் டீம்ல எனக்கு இடதுபக்கம் ஆடி, இப்படியே பந்து கேக்கற தீனா ஜேடர்பாளையம் காவேரியில முழுகிச் செத்தப்ப, அவன் துணியெல்லாம் ஆத்துல உட்டாங்கல்ல? அவன் ஏழாம் நம்பர் பனியனை மட்டும் நான் ஒளிச்சு வெச்சுட்டேனுங்க. பீரோவுல அடித்தட்டுல இருக்குது. அதையும் ஆத்துல உட்டுருங்க. அப்படியே பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்புங்க.

பசங்க கூப்பிடறாங்க, நிறுத்திக்கறேன். எடுக்கறப்ப பனியன் ஈரமா இருந்துச்சுன்னா, எனக்கு எழுத வேண்டாமுங்க.

ஈஸ்வர்